ரொட்டி வடிவப் பெட்டி, 200 வசனம் (எண்ணிப் பார்த்தால் 188)

காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போனபோது திருநெல்வேலியில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்த வாக்குத்தத்தப் பெட்டியை வாங்கினேன். விலை 180 ரூபாய். கடையின் பெயரையும் அச்சிட்டவர்களின் பெயரையும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் கொஞ்சம் திட்டப் போகிறேன், அதோடு இதே மாதிரிப் பெட்டி வேறு வேறு பெயரில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் எடுத்து, ஒருமுறை மொத்தமாகக் கீழே கொட்டி, இரண்டு அட்டை சாம்பாரில் விழுந்து, எல்லாம் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

சர்ச் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஒரு முழு ரொட்டி மாதிரி பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் டப்பா, மேல்பக்கம் திறந்திருக்கும், உள்ளே தீப்பெட்டி நீளத்துக்குச் சின்னச் சின்ன அட்டைகள் நெருக்கமாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். காலை ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு உருவ வேண்டும், சத்தமாக வாசிக்க வேண்டும், திருப்பி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். 'மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல' என்ற வசனத்துக்காகத்தான் ரொட்டி வடிவம். நம் ஊருக்கு இட்லித் தட்டு வடிவில் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், சரி போகட்டும்.

முதலில் பொருளைப் பற்றி. பிளாஸ்டிக் தடிமனாக, நன்றாகவே இருக்கிறது, உயரத்திலிருந்து விழுந்தும் விரிசல் இல்லை. அட்டைகள் ஐந்து நிறம். காகிதமும் பரவாயில்லை, ஆனால் வெட்டும்போது விளிம்பைச் சரியாகப் பிரிக்கவில்லை, முதல் நாள் ஒன்றை இழுத்தால் மூன்று சேர்ந்து வந்தது. பெட்டியின் அடியில் 200 வசனங்கள் என்று போட்டிருக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பு, எதையும் எண்ணாமல் விடமாட்டாள், எண்ணினாள், 188. அதில் ஒன்பது அட்டைகள் ஒரே வசனம் இரண்டாவது முறை. நான்கு வெற்று அட்டைகள் வேறு, ஒருவேளை அச்சுக்குப் போகாமல் நேராக உள்ளே வந்துவிட்டவையாக இருக்கும், அந்த நான்குக்குக் கடைசியில் வருகிறேன்.

அச்சுப்பிழை பற்றி ஒன்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும். 'நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்' என்ற வசனம் ஏசாயா 41:10. அட்டையில் 14:10 என்று எண் மாறி விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் சித்தி, எதையும் வேதாகமத்தைத் திறந்து சரிபார்க்கிறவர், அந்த எண்ணைத் தேடிப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த இடத்தில் பாதாளத்தில் கிடக்கிற செத்த ராஜாக்கள் பாபிலோன் ராஜாவைப் பார்த்து, நீயும் எங்களை மாதிரிப் பெலன் போய்க் கிடக்கிறாயா என்று நக்கல் செய்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அது நல்ல வாக்குத்தத்தம் இல்லை.

அச்சுப்பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய குறை வசனத் தேர்வில்தான்.

எங்கள் அம்மா வீட்டில் ஒரு பழைய பெட்டி இருந்தது, ஓய்வுநாள் பள்ளியில் அம்மாவுக்குப் பரிசாக வந்தது, மரத்தில் செய்தது. அதில் எல்லா வகை வசனமும் உண்டு. என் தம்பிக்கு ஒரே வாரத்தில் இரண்டு தரம் 'சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்' வந்தது, அவன் அழுதே விட்டான். அம்மா விடவில்லை, கர்த்தர் பேசுகிறார், கேளு என்றார். புதுப் பெட்டியில் எறும்பும் இல்லை, சோம்பேறியும் இல்லை. 188 அட்டையும் ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு, பாதுகாப்பு. சங்கீதங்களில் 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தாவீது கேட்கிற ஒரு வரி கூடக் கிடையாது. யோபுவும் கிடையாது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று ஆபகூக் பாடுவது கிடையாது. இனிப்பு மட்டும் விற்கிற கடை மாதிரி இருக்கிறது.

இருக்கிற வசனங்களையும் எப்படி வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள். தானியேல் 3:17 ஓர் அட்டை, பச்சை நிறம். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவராயிருக்கிறார், எரிகிற அக்கினிச்சூளைக்கு நீங்கலாக்கி விடுவிப்பார். அருமை. ஆனால் பொற்சிலையை வணங்காவிட்டால் சூளையில் போடுவேன் என்று மிரட்டிய ராஜாவுக்கு அந்த மூன்று பையன்களும் சொன்ன பதில் அங்கே முடியவில்லை, அடுத்த வசனம் 'விடுவிக்காமற்போனாலும்' என்று தொடங்குகிறது. விடுவிக்காவிட்டாலும் உன் பொற்சிலையை நாங்கள் வணங்க மாட்டோம் என்பதுதான் அவர்களுடைய முழுப் பேச்சு. அந்த 18ஆம் வசனத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஒரு பேரம் மாதிரி ஆகிவிடுகிறது.

ரோமர் 8:28இலும் அதே கதை. 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்று மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்கள், தேவனிடத்தில் அன்புகூருகிறவர்கள் என்ற முன்பகுதியைக் காணோம். அந்த நன்மை என்ன என்று 29ஆம் வசனத்தில் பவுலே சொல்கிறார், குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, உபத்திரவம், பசி, நிர்வாணம், பட்டயம் என்று பட்டியலே போடுகிறார். நானோ பல வருஷமாக அந்த 'நன்மை'யைப் பதவி உயர்வு, டிரான்ஸ்பர் என்றே வாசித்துக்கொண்டிருந்தேன்.

சங்கீதம் 91:11 இரண்டு அட்டை இருக்கிறது, அந்த ஒன்பது இரட்டையில் அதுவும் ஒன்று. உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார். நல்ல வசனம்தான், ஆனால் வேதாகமத்தில் இதைச் சூழலிலிருந்து உருவி இயேசுவிடம் நீட்டியவன் யார் என்று மத்தேயு 4ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். முதல் வாக்குத்தத்த அட்டையை எடுத்தவன் பிசாசு என்று இவர் (என் வீட்டுக்காரர்) கிண்டலாகச் சொல்வார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன்.

ஏனென்றால் ஒற்றை வசனத்தைச் சீட்டு மாதிரி எடுக்கிற பழக்கம் நம் ஊரில் பிளாஸ்டிக்கோடு வந்த மலிவான விஷயம் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியன் சபையார் 1728இலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள், 1731 முதல் அது வருஷா வருஷம் புத்தகமாக அச்சில் வருகிறது. 1706இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி சீகன்பால்கு படித்த, ஹாலே என்ற ஜெர்மன் ஊரின் அதே பக்தி இயக்கத்தைச் சேர்ந்த போகாட்ஸ்கி என்பவர் 1718இலேயே தினம் ஒரு வசனமாகத் தொகுத்து, பொக்கிஷப் பெட்டி என்று பேர் வைத்துப் புத்தகம் போட்டார். ஹெர்ன்ஹூட்டில் இன்றைக்கும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள், ஆனால் அதோடு பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை ஒருவர் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். வசனத்தைத் தனியாக நிற்க விடுவதில்லை. என் 180 ரூபாய்ப் பெட்டியில் இல்லாதது அந்த ஒருவர்தான்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோபர் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தார், நண்பர்கள் அங்கேயே தங்கச் சொன்னார்கள், இவருக்கோ மனசு ஜெர்மனியிலேயே கிடந்தது. ஒருநாள் தற்செயலாக வேதத்தைப் படிக்கும்போது 'மாரிகாலத்துக்குமுன் நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு' என்ற வரி கண்ணில் பட்டது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது, இவருக்கு இல்லை. ஆனாலும் இது எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் நாஜி முகாமில் தூக்கில் போட்டார்கள். ஆக ஒற்றை வசனம் ஒரு மனுஷனோடு பேசாது என்று நான் சொல்லவே மாட்டேன். அவரோடு பேசிய வசனத்தில் உயர்வும் பெருக்கமும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது மஞ்சள் அட்டைக்கு வருகிறேன், இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். எரேமியா 29:11. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' நம் வீடுகளில் காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கிற வசனம். தேவனுடைய திட்டத்தை நம்பு என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத்தான் எடுப்பார்கள்.

எங்களுக்கும் எடுத்தார்கள். இவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மூன்று வருஷத்துக்கு மட்டும், அப்புறம் தெற்கே அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது ஆறாவது வருஷம் நடக்கிறது. நான் அந்த மூன்று வருஷத்தை நம்பி, வீட்டுச் சாமான்களில் பாதியைப் பிரிக்கவே இல்லை, பீரோ மேல் அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டியபடியே இருந்தன. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள், எனக்கு எதற்கு, போகப் போகிறோமே என்று ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரியும் ஆராதனை முடிந்து பன்னிரண்டு தாண்டியதும் ஐயர் தட்டில் அட்டைகளை நீட்டுவார், நெல்லைக்காரி என்பதால் குருவானவரை நான் இன்னும் ஐயர் என்றே சொல்கிறேன், இங்கே சிரிக்கிறார்கள். இரண்டு வருஷம் முன்பு என் கைக்கு வந்தது இந்த வசனம். எதிர்பார்த்திருக்கும் முடிவு! வேறென்ன வேண்டும். அந்த மே மாதம் டிரான்ஸ்பர் லிஸ்ட் வந்தது, இவர் பெயர் இல்லை. அட்டையைக் கிழிக்க மனசு வரவில்லை, சோற்றுப் பருப்பு டப்பாவுக்கு அடியில் போட்டு வைத்தேன்.

புதுப் பெட்டி வாங்கிய முதல் வாரமே மறுபடியும் அதே வசனம் வந்தது. கோபத்தில்தான் வேதாகமத்தைத் திறந்தேன், உண்மையைச் சொன்னால் சண்டை போடத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எரேமியா 29 என்று மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனால் அது ஒரு கடிதம் என்பதே என் மூளையில் பதிந்திருக்கவில்லை. எருசலேமில் இருந்த எரேமியா, நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எழுதிய கடிதம், கி.மு. 597இல் அந்தக் கூட்டம் போன பிறகு. சொந்த ஊரை விட்டுத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்கள், எப்போது திரும்புவோம் என்று காத்துக்கொண்டிருந்தவர்கள். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான், இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். எரேமியாவே 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்கிறார், அப்புறம் அது பொய் என்று தெரிய வருகிறது. அனனியா இன்றைக்கு இருந்தால் வாக்குத்தத்த அட்டை அச்சடிப்பவர்கள் அவனிடம்தான் வசனம் வாங்கியிருப்பார்கள் என்று தோன்றியது.

கடிதத்தில் என்ன இருக்கிறது? 'நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிட்டு' இருங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் செய்யுங்கள். அந்தப் பட்டணம் என்றால் பாபிலோன், இவர்களைப் பிடித்து வந்த ஊர். அதற்குப் பிறகு 10ஆம் வசனம், நம் மஞ்சள் வசனத்துக்கு நேர் முன்னால்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு நான் உங்களைச் சந்திப்பேன். எழுபது! அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போயிருக்கவே முடியாது, அங்கேயே செத்துப் புதைக்கப்பட்டிருப்பார்கள். 'உங்கள்பேரில்' என்று பன்மையில் இருப்பதும் அப்போதுதான் உறைத்தது, தமிழில் அது வெளிப்படையாகவே இருக்கிறது, நான்தான் 'என்பேரில்' என்று ஒருமையாக்கி வைத்திருந்தேன். ஒரு ஜனத்துக்கு, பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நீளுகிற வாக்கு அது.

இன்னொன்று. 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்ற வார்த்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, ஆனால் எபிரேயத்தில் இருப்பது எதிர்காலமும் நம்பிக்கையும் என்ற இரண்டு வார்த்தைகள், திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நான் எதிர்பார்த்ததை எதிர்பார்த்தபடி கொடுப்பேன் என்று அதில் இல்லை. இத்தனை வருஷம் நான் சண்டை போட்டது ஒரு மொழிபெயர்ப்போடு.

இதைத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அம்மாவின் ஊர் டோனாவூர்ப் பக்கம். அம்மா கேட்டுவிட்டு, "ஏளா, இது தெரியாமலா அம்மாள் கல்லறையை அத்தனை தரம் பார்த்துட்டு வந்த?" என்றார். மிஷனரி ஆமி கார்மைக்கேலைத்தான் அங்கே அம்மாள் என்பார்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பித் தன் நாட்டுக்குப் போகவே இல்லை. 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது, அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஓர் அறைதான். கல்லறைக்குக் கல்வெட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தத் தொட்டியில் குருவி பார்த்திருக்கிறேன். குணமாவாய் என்ற அட்டை அவர் பெட்டியிலும் இருந்திருக்கும் என்று அம்மா சொன்னார், இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை.

பீரோ மேல் இருந்த பெட்டிகளை நவம்பரில் பிரித்தேன். ஒன்றில் கரையான் புகுந்து என் கல்யாண ஆல்பத்தில் நான்கு பக்கம் போயிருந்தது. பெயிண்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன், ஓசூர் குளிரில் அது ஜனவரிக்குள் பட்டுப்போனது. இரண்டாவதாக வைத்தது நிற்கிறது, ஆறு இலைக் கொத்து, இன்னும் தாளிக்கப் பறிக்க மனசு வரவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் தெலுங்கில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கத் தெரியும். டிரான்ஸ்பருக்கு இன்னும் ஜெபம் செய்கிறேன், அதையும் மறைக்கவில்லை, தினமும் செய்கிறேன். முன்பெல்லாம் ஜெபம் முடிந்ததும் லிஸ்ட் வந்துவிட்டதா என்று இவரைக் கேட்பேன், இப்போது தண்ணீர் வந்துவிட்டதா என்று கீழே கேட்கப் போகிறேன்.

சரி, வாங்கலாமா? பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் வாங்கலாம், அவர்கள் காலை ஜெபத்துக்கு உட்காருவதே இதை உருவுகிற ஆசையில்தான். கடையிலேயே பெட்டியைத் திறந்து, அட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று விரலால் தட்டிப் பாருங்கள். எண்ணிக்கையை நம்பாதீர்கள். 180 ரூபாய் கொஞ்சம் அதிகம், 120 சரியாக இருக்கும். துக்க வீட்டுக்கோ ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கோ இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. குழந்தை இல்லாத என் சிநேகிதிக்கு ஆறு பேர் ஆறு பெட்டி கொடுத்திருக்கிறார்கள், அவள் அதை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள். அட்டையை எடுத்தால் அதன் முன்னும் பின்னும் ஒரு பத்து வசனம் படிப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம், அவசரமான நாளில் இவர் இரண்டு வசனத்தோடு ஓடிவிடுவார். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அரை நட்சத்திரத்தைக் குறைக்கச் சொன்னது சித்தி, நான் குறைக்கவில்லை.

அந்த நான்கு வெற்று அட்டைகள். மகள் அதில் ஸ்கெட்ச் பேனாவால் நான்கு வசனம் எழுதி உள்ளே செருகிவிட்டாள்: தானியேல் 3:18, ஆபகூக்கின் அத்திமரம், எறும்பு (அது மாமாவுக்காம்), அப்புறம் எரேமியா 29:10. போன திங்கட்கிழமை காலையில் அந்தக் கடைசி அட்டை இவர் கைக்கு வந்தது, அன்றைக்குத்தான் இந்த வருஷத்து லிஸ்ட் வரவேண்டிய நாள். பாபிலோனில் எழுபது வருஷம் என்று சத்தமாக வாசித்தார். அட்டையைத் திருப்பிச் செருகிவிட்டு, "ஆறு கழிஞ்சாச்சு, அறுபத்துநாலுதானே" என்று காப்பியைக் கேட்டார்.